மாவுக் கோட்டுக்கு அந்தப் பக்கம்

இப்போதெல்லாம் யாரும் எதையும் நடந்தது நடந்தபடி விட்டுவைப்பதில்லை. சண்டை போட்டால் அதைச் சண்டை என்று சொல்வதில்லை. அதிலிருந்து நாம் வளர்ந்தோம் என்கிறார்கள். ஒருத்தி வீட்டை விட்டுப் போனால், அடுத்த வருடம் அந்த நாளுக்கு மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, ஒரு பாட்டும் கட்டிவிடுகிறார்கள். மூஞ்சிக்கு நேரே திட்டினாலும் "பகிர்ந்துகொண்டதற்கு நன்றி" என்று பதில் வருகிறது. திட்டியதற்கு ஒரு மரியாதை வேண்டாமா?

நெஸ்டா விஷயத்தையும் இப்படித்தான் ஆக்கி வைத்திருக்கிறார்கள். நிலத்துக்கு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைக் கதையாகச் சொல்கிறார்கள். அதில் நான் வெள்ளைத் தாடியோடு, எல்லாம் முன்பே தெரிந்தவன்போல நிற்கிறேனாம். எனக்குத் தாடியே கிடையாது. அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியவும் இல்லை. அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நிலம் என்றுதான் இந்த இடத்தை நாங்கள் எல்லாரும் சொல்வோம். மேற்கு வேல்ஸில், கடல் தெரிகிற மலைச்சரிவில் நாலைந்து வயல், ஒரு ஊற்று, ஒரு பழைய பண்ணைவீடு. நான் இங்கே வந்தது என் மனைவி எலெரியால். முதலில் வந்து குடியேறியவர்களில் அவள் ஒருத்தி. மண் தாய், மரம் உறவு, வருடத்துக்கு எட்டுப் பண்டிகை என்று அவள் மனதார நம்பினாள். நான் கல்சுவர் கட்டுகிறவன். மண்ணைத் தாய் என்று சொன்னதில்லை. இதில் கல் அதிகம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். என் அப்பா ஞாயிறு தவறாமல் ஜெபக்கூடத்துக்குப் போனவர். அங்கே கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள், இங்கே வட்டத்தைச் சாத்திக்கொண்டு பேசுகிறார்கள். வெளியே நிற்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான். எலெரி போய்ப் பல வருடம் ஆகிறது. அவள் சாம்பல் மேல்வயல் முள்மரத்தடியில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு எங்கே போவது? கேரவனில் கிடக்கிறேன்.

அவள் போன பிறகு என்னைச் சும்மா விடக்கூடாது என்று வாசல்காரன் ஆக்கினார்கள். அது என்ன வேலை என்று சொல்கிறேன். பண்டிகைக்கோ சடங்குக்கோ கூடினால், மோர்வென்னா புல்மேல் ஓட்ஸ் மாவால் பெரிய வட்டம் போடுவாள். இங்கே சடங்கு நடத்துகிறவள் அவள். சூரியன் போகும் திசையில் சுற்றி வந்து கோட்டை முடித்துவிட்டால் வட்டம் பூட்டியாயிற்று. அவள் அதைத் திறக்கும் வரை உள்ளே இருப்பவர் யாரும் தாண்டக்கூடாது. அவசரம் என்றால் வாசல்காரனிடம் வரவேண்டும். அவன் கையில் ஒரு கோல் இருக்கும். அந்தக் கோலால் காற்றில் ஒரு கதவு வரைந்து ஆளை வெளியே விட்டு, திரும்பி வந்ததும் மறுபடி வரைந்து மூடவேண்டும். "வாசல்ல உங்க சொல்லுக்கு மேல சொல் கிடையாது, மெய்ரிக்" என்று மோர்வென்னா கோலைக் கையில் கொடுக்கும்போது சொன்னாள். நடைமுறையில் ப்ராக் மூத்திரம் பெய்யப் போவதற்குத்தான் அந்தக் கதவு பயன்பட்டது. ப்ராக் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இங்கே வந்ததும் ஏதோ காட்டுமிருகத்தின் பெயரை வைத்துக்கொண்டார். மிருகமாக இருந்தால் கதவு கேட்டிருக்க வேண்டியதில்லை.

ஏனென்றால் நாய்க்கும் குழந்தைக்கும் இந்தக் கட்டு கிடையாது. அவர்கள் இன்னும் மண்ணிலிருந்து பிரியாதவர்களாம். கோட்டின் மேலேயே ஓடினாலும் வட்டம் உடையாதாம். பிள்ளைக்குப் பதின்மூன்று வயது ஆனதும் கடப்பு என்று ஒரு சடங்கு நடக்கும். வட்டத்தின் நடுவில் பிள்ளையை நிறுத்தி, தாய் மூன்று தடவை கேட்பாள், உன் இஷ்டத்தோடுதான் வருகிறாயா என்று. மூன்றாவது ஆமாவுக்குப் பிறகு மணிக்கட்டில் சிவப்பு நூல் கட்டுவாள். அதோடு பெரிய ஆள். இனிமேல் கோடு அந்தப் பிள்ளையையும் கட்டும். கூடவே ஒரு வருடமும் ஒரு நாளும் நிலத்தை விட்டு வெளியே தங்குவதில்லை, ஊற்றையும் அடுப்பையும் பார்த்துக்கொள்வது என்று வாக்கும் கொடுத்ததாகிவிடும்.

நெஸ்டாவின் அம்மா லின்னெட். அப்பா ரோலண்ட், லாரி ஓட்டுகிறவன். நெஸ்டாவின் கடப்புக்கு மூன்று வருடம் முன்னால் அவன் நிலத்தை விட்டு ஸ்வான்ஸிக்குப் போய்விட்டான். இரண்டு பெண் பிள்ளைகள், நெஸ்டாவும் நாலு வயது மாப்லியும். நெஸ்டா வயதில் இங்கே ஒரு ஆள் கிடையாது. ஒன்று மூக்கொழுகும் சிறுசுகள், இல்லாவிட்டால் என்னைப்போல நரைத்த தலைகள். அவள் படித்ததெல்லாம் பண்ணைவீட்டுச் சமையலறையில், அம்மாவிடம். அந்த வருடம் ரோலண்ட் தன் வீட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இடம் வாங்கிவிட்டான். அங்கே நீச்சல்குளம் இருந்தது, வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருந்தார்கள். அதைப் பற்றிக் கேட்ட நாளிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பு இல்லை. திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. கடப்பு அதற்கு முந்தின நாள். ஞாயிறு சாயங்காலம் பாதை முனையில் வண்டியோடு நிற்பேன், வந்தால் கூட்டிப்போவேன், வராவிட்டால் அப்புறம் தொந்தரவு பண்ணமாட்டேன் என்று ரோலண்ட் போனில் சொல்லியிருந்தான்.

இது எல்லாருக்கும் தெரியும். இங்கே எதையும் மறைக்க மாட்டார்கள். லின்னெட் ஒரு தடவைகூடப் போகாதே என்று சொல்லவில்லை. உன் முடிவுதான் கண்ணு என்றுதான் சொல்வாள். சொல்லிவிட்டு, கடப்புக்கான வெள்ளை அங்கியைத் தைத்துக்கொண்டே அழுவாள். இந்தப் பிள்ளைகளுக்காகத்தான் நான் இங்கே உயிரோடு இருக்கிறேன் என்று பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகச் சொல்வாள், நெஸ்டா காதில் விழுகிற அளவுக்கு மெதுவாக.

சனிக்கிழமை நான் கீழ்வயலில் சரிந்த சுவரை எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். நெஸ்டா வந்து ஒரு கல்மேல் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கல் பொறுக்கிக் கொடுத்தாள். எல்லாம் தப்பான கல்.

"நாளைக்கு வாசல்ல நீங்கதானே?"

"வேற யாரு இருக்கா."

"வேண்டாம்னு சொன்னாலும் பரவால்லன்னு எல்லாருமே சொல்றாங்க, மெய்ரிக்."

"அப்பச் சொல்லு."

"யார்கிட்டச் சொல்றது? அம்மாகிட்டச் சொன்னா உடனே கட்டிப்பிடிச்சுக்கிட்டு, எவ்ளோ தைரியமாச் சொல்லிட்டங்கறா. அப்புறம் ராத்திரி பூரா அழறா. காலைல நானே போய்ச் சரிம்மான்னுடறேன். மோர்வென்னாகிட்டயும் சொன்னேன். அந்த வேண்டாமுக்குள்ள ஒரு வேணும் இருக்கான்னு தேடிப் பாருன்னாங்க."

"இருக்கா?"

"இல்ல."

நான் கல்லைத் தட்டி உட்காரவைத்தேன். அடுத்தவர் பிள்ளை. நான் எதைச் சொன்னாலும் அது லின்னெட் காதுக்குப் போகும். அப்புறம் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து, கையில் வைத்திருப்பவர் மட்டும் பேசலாம் என்கிற பேச்சுக்கல்லைக் கைக்குக் கை மாற்றி, ஒரு சாயங்காலம் முழுக்க என் மனதில் என்ன இருக்கிறது என்று தேடுவார்கள். மழை வரும், மேலே எதையாவது போட்டுக்கொண்டு வா என்றேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

ஞாயிறு மத்தியானம் கூடினோம். சடங்கு நடக்கும் இடம் ஒரு பள்ளம். மூன்று பக்கமும் ஆள் உயர முட்செடி வேலி. நாலாவது பக்கம் ஒரு ஒற்றையடிப் பாதை, அதன் வாயில் நான். பெரியவர்கள் இருபது பேர் இருப்போம். மோர்வென்னா மாவைத் தூவிச் சுற்றி முடித்தாள். மத்தளம் அடித்தார்கள். நெஸ்டா நடுவில் நின்றாள். தலையில் சிவப்புப் பழக்கொத்து மாலை, உடம்பில் அந்த அங்கி. அங்கி அவளுக்குப் பெரிதாக இருந்தது. வளர்வாள் என்று லின்னெட் தாராளமாகத் தைத்திருந்தாள். மாப்லி நாயைத் துரத்திக்கொண்டு எங்கள் கால்களுக்கு நடுவே கோட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் ஓடிக்கொண்டிருந்தது.

லின்னெட் முதல் தடவை கேட்டாள். "உன் இஷ்டத்தோடதான் வர்றியா, நெஸ்டா?"

"ஆமா."

எல்லாரும் சேர்ந்து வண்டு மாதிரி ஒரு ரீங்காரம் செய்வார்கள், செய்தார்கள். இரண்டாவது தடவை கேட்டாள். இந்த முறை பதில் வரக் கொஞ்ச நேரம் ஆனது. வந்த ஆமாவும் தரையைப் பார்த்துத்தான் வந்தது. ஆட்டை ரோமம் கத்தரிக்கப் பிடித்தால் முதலில் உதைக்கும், அப்புறம் ஒரு நிமிஷத்தில் உடம்பைத் தளர்த்திவிடும் பாருங்கள், அந்த முகம் அவளுக்கு வந்துவிட்டது. தூறல் ஆரம்பித்தது. லின்னெட் இடுப்பிலிருந்து சிவப்பு நூலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

இரண்டாவது கேள்விக்கும் மூன்றாவது கேள்விக்கும் நடுவில் பேசாமல் நிற்பது வழக்கம். தாய்க்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது கேட்பாள். அந்த அமைதியில் மாப்லி அக்கா அங்கியைப் பிடித்து இழுத்துச் சொன்னது.

"எனக்கு ஒண்ணுக்கு வருது."

சிலர் சிரித்தார்கள். நெஸ்டா குனிந்து தங்கை கையைப் பிடித்தாள். நான் கூட்டிப்போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தாள். என்னிடம் வரவில்லை, கதவு கேட்கவில்லை. என் முழங்கைக்குப் பக்கத்தில் மாவுக் கோட்டை நேராகத் தாண்டி இரண்டு பேரும் வேலிப் பக்கம் போனார்கள். ஒருவருக்கும் அது தப்பாகப் படவில்லை. படவும் கூடாது. மூன்றாவது கேள்வி கேட்கவில்லை, நூல் கட்டவில்லை, அதனால் அவள் இன்னும் குழந்தை. கோடு அவளைக் கட்டாது. அந்தச் சட்டம் எங்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இப்போது கதை சொல்கிறவர்கள், நெஸ்டா அதை முதலிலேயே யோசித்து வைத்திருந்தாள் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கால் போயிருக்கும்.

திரும்பி வந்தார்கள். மாப்லி உள்ளே குதித்தது. நெஸ்டா கோட்டுக்கு ஒரு கை தூரத்தில் நின்றுவிட்டாள்.

"வா கண்ணு" என்றாள் லின்னெட்.

"அங்கேருந்தே கேளும்மா."

"உள்ள வந்து சொல்லு. எதுவா இருந்தாலும் சரிதான். யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தல."

"உள்ள வந்தா சரின்னுதான் வரும்" என்றாள் நெஸ்டா. "இங்க நின்னாத்தான் எனக்கு மத்தது வருது."

மத்தளம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் நாங்கள் எதில் மாட்டிக்கொண்டோம் என்று ஒவ்வொருவருக்காகப் புரிய ஆரம்பித்தது. கடப்பு முடியாமல் வட்டத்தைத் திறக்கக்கூடாது. பிள்ளை இல்லாமல் கடப்பு முடியாது. பாதியில் கைவிட வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் எல்லாரும் ஒப்ப வேண்டும். ஒருவர் ஒப்பாவிட்டாலும் நடக்காது. இங்கே எல்லாமே அப்படித்தான். கழிவறைக்கு என்ன நிறம் அடிப்பது என்பதற்கே இரண்டு மாதம் பேசியிருக்கிறோம். இந்த ஏற்பாட்டையெல்லாம் யாரும் யாரையும் அமுக்கிவிடக்கூடாது என்றுதான் செய்தார்கள். இப்போது இருபது பெரியவர்கள் ஒரு மாவு வளையத்துக்குள் அடைபட்டு நின்றோம். வெளியே ஒரு பெண், கூட ஒரு நாய்.

பேச்சுக்கல் சுற்ற ஆரம்பித்தது. ஒவ்வொருவரும் தங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று சொன்னார்கள். ஒருத்திக்கு அவள் பதின்மூன்று வயது ஞாபகம் வந்தது. ஒருவருக்கு அவர் அப்பா ஞாபகம் வந்தது. நெஸ்டா ஞாபகம் யாருக்கும் வந்த மாதிரி இல்லை. தூறல் மழையாகிவிட்டது. என் முட்டி இரண்டும் உயிரை எடுத்தன. ப்ராக் காலை மாற்றி மாற்றி வைத்து, கடைசியில் என்னிடம் வந்து கதவு கேட்டார். கேள்விக்கு நடுவில் கதவு வரைந்தால் கேள்வி சிந்திப்போகும், யாருக்கும் திறக்கக்கூடாது என்று மோர்வென்னா அங்கிருந்தே சொல்லிவிட்டாள்.

"கேள்வி சிந்தாது, வேற ஒண்ணுதான் சிந்தப்போகுது" என்றார் ப்ராக். அந்த மனிதர் அவ்வளவு நேர்மையாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

கல் ஒரு சுற்று முடிந்தது. இன்றைக்கு விட்டுவிடலாம் என்று எல்லாருமே ஒப்பினார்கள், லின்னெட்டைத் தவிர. அவள் கல்லை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். இன்னொரு சுற்று போனது. அதிலும் அப்படித்தான். அப்போது மேலே பாதை முனையில் ஒரு வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. என்ஜின் கொஞ்ச நேரம் ஓடி நின்றது. எல்லாருக்கும் கேட்டது. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை, நெஸ்டாவும்தான். அவள் அங்கி நனைந்து உடம்போடு ஒட்டிவிட்டது. குளிரில் தாடை ஆடியது. ஆனால் ஒரு அடி முன்னாலும் வைக்கவில்லை, பின்னாலும் வைக்கவில்லை. அவள் வெளியே நின்றாளே தவிர, விடுபட்டவள் மாதிரி இல்லை. அம்மா கண் எவ்வளவு தூரம் எட்டுமோ அவ்வளவு தூரமும் அவளுக்கு உள்ளேதான்.

லின்னெட் கல்லைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"எனக்கு மட்டும் திறங்க, மெய்ரிக்."

"யாருக்கும் இல்லன்னு மோர்வென்னா சொல்லியாச்சு."

"வாசல்ல உங்க சொல்தானே. நான் அவளை ஒண்ணும் பண்ணமாட்டேன். இழுத்துட்டு வரமாட்டேன். ஒருதரம் கட்டிப்பிடிச்சுட்டுத் திரும்பிடறேன். நடுங்குறா பாருங்க."

நான் நெஸ்டாவைப் பார்த்தேன். அம்மா என்னிடம் பேசுவது அவளுக்குத் தெரிந்தது. அவள் முகத்தில் அந்தப் பிடிபட்ட ஆட்டின் தளர்ச்சி மறுபடி வந்துகொண்டிருந்தது. லின்னெட் சொன்னது பொய் இல்லை. இழுத்து வரமாட்டாள். கட்டிப்பிடிப்பாள், அவ்வளவுதான். அது போதும். இத்தனை வருடமாக வாசலில் நின்று நான் யாருக்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை. ப்ராக்குக்குக்கூடக் கேட்டபோதெல்லாம் வரைந்து கொடுத்தவன். அந்தக் கோலில் ஏதோ இருக்கிறது என்று நான் நம்பியதும் இல்லை.

"திறக்கமாட்டேன்" என்றேன்.

"கட்டிப்பிடிக்கத்தான் கேட்கறேன்."

"அதுக்குத்தான் திறக்கமாட்டேங்கறேன்."

அவள் என்னை அறைந்துவிடுவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் எனக்கும் நன்றாக இருந்திருக்கும். "இது வெறும் மாவும்மா" என்றேன். "அதுவும் கரைஞ்சு போச்சு. போகணும்னா தாண்டிப் போ, நான் பிடிச்சு வைக்கல. என் கையால மட்டும் திறக்கமாட்டேன்."

அவள் கீழே பார்த்தாள். உண்மையிலேயே அங்கே கோடு இல்லை. மழையில் மாவு கூழாகிப் புல்லுக்குள் போய்விட்டது. எங்கே இருந்தது என்று கேட்டால் என்னாலும் காட்டியிருக்க முடியாது. அவள் வலது காலை எடுத்து, பூட்ஸ் நுனியை அந்த இடத்துக்குக் கொண்டுபோனாள். அப்படியே நின்றாள். அவள் காலைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டாள். ஏன் என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் நம்பியதை ஒரு அடியில் விட முடியவில்லையோ, இல்லை விடாமல் இருந்தால் நல்லது என்று அவளுக்கே தோன்றியதோ. அவளிடம் நான் கேட்டதில்லை. நானும்தான் தாண்டவில்லை, நம்பாதவன், கிழவன், முட்டி வலிக்காரன், பத்தொன்பது பேரோடு இருபதாவது ஆளாக அங்கேயே நின்றேன்.

நெஸ்டா தலையில் இருந்த பழக்கொத்து மாலையைக் கழற்றினாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் நாய் கழுத்தில் மாட்டினாள்.

"வெள்ளிக்கிழமை வர்றேம்மா" என்றாள்.

திரும்பி ஒற்றையடிப் பாதையில் ஏறினாள். அங்கி காலில் தடுக்கியது. இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். வேலி அவளை மறைத்த பிறகும் லின்னெட் அதே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. என்ஜின் சத்தம் இறங்கிக்கொண்டே போய் இல்லாமல் ஆனது. அதற்குப் பிறகு லின்னெட் ஈரப்புல்லில் உட்கார்ந்து மாப்லியை மடியில் போட்டுக்கொண்டு, முடித்துக்கொள்ளலாம் என்றாள். எல்லாரும் ஒப்பினார்கள். மோர்வென்னா திறந்தாள். ப்ராக் வேலியை நோக்கி ஓடினார்.

நடந்தது இவ்வளவுதான். நெஸ்டா சொன்னபடி வெள்ளிக்கிழமை வந்தாள். தாயும் மகளும் சண்டை போட்டார்கள், சமாதானம் ஆனார்கள், எல்லா வீட்டிலும் போல. அவள் பள்ளிக்கூடத்தில் நன்றாகத்தான் இருந்தாள். லின்னெட் பனிக்காலம் வரை என்னோடு பேசவில்லை. நடுக்குளிர்ப் பண்டிகையன்று என் தட்டில் ஒரு துண்டு கேக்கை வைத்துவிட்டு முகம் பார்க்காமல் போனாள். எனக்கு அது புரிந்தது. அதோடு விட்டிருக்கலாம்.

விடவில்லை. இந்த வருடம் ப்ராக்கின் பேத்தி ஆஸ்ட்ரிட்டுக்குக் கடப்பு. அதற்கு முன்னால் மோர்வென்னா என் கேரவனுக்கு வந்தாள். டீ போட்டுக் கொடுத்தேன்.

"அன்னைக்கு நிலம் நமக்கு ஒண்ணைக் காட்டுச்சு, மெய்ரிக்" என்றாள்.

"நிலம் ஒண்ணும் காட்டல. மாப்லிக்கு ஒண்ணுக்கு வந்துச்சு."

அவள் அதற்கும் நன்றி சொன்னாள். பிறகு விவரம் சொன்னாள். இனிமேல் எல்லாக் கடப்பிலும் இரண்டாவது ஆமாவுக்குப் பிறகு ஒரு சிறுகுழந்தை வந்து பிள்ளையின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போகும். மூன்றாவது கேள்வியைப் பிள்ளை வெளியே நிற்கும்போதுதான் கேட்பார்கள். தாய் வந்து வாசலைத் திறக்கச் சொல்வாள். வாசல்காரன் மாட்டேன் என்று சொல்ல வேண்டும்.

"அன்னைக்குச் சொன்ன அதே வார்த்தைய நீங்க சொல்லணும். இது வெறும் மாவும்மா. எல்லாருக்கும் அது மனசுல நின்னுடுச்சு."

"சொல்லிட்டு?"

"பிள்ளை தானா உள்ள வரும். யாரும் கூப்பிடாம."

"வரலைன்னா?"

மோர்வென்னா சிரித்தாள். "வருவா, மெய்ரிக். அதான் அழகே."

போன ஞாயிறு அது நடந்தது. நல்ல வெயில். ஆஸ்ட்ரிட்டின் அங்கியை லின்னெட்தான் தைத்துக் கொடுத்திருந்தாள். நெஸ்டாவும் வந்திருந்தாள். ஒரு முழம் வளர்ந்திருந்தாள், தலைமுடியில் நீச்சல்குளத்து மருந்து வாசம். தனக்கு நூல் கட்டாததால் சிறுசுகளோடு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். இந்தப் புது ஏற்பாடு நல்லாத்தானே இருக்கு, எனக்கும் இப்படி இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும் என்றாள். உனக்கு இப்படி இருந்திருந்தால் நீ உள்ளேதான் இருந்திருப்பாய் என்றேன். அவள் நெற்றியைச் சுருக்கினாள். பிறகு தோளைக் குலுக்கிவிட்டு ரொட்டியில் இன்னும் கொஞ்சம் வெண்ணெய் தடவிக்கொண்டாள்.

முதல் ஆமா. இரண்டாவது ஆமா. சொல்லி வைத்தபடி ஒரு குழந்தை வந்து ஆஸ்ட்ரிட்டை வெளியே கூட்டிப்போனது. தாய் என்னிடம் வந்து கதவு கேட்டாள். நான் மாட்டேன் என்றேன். அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. வரவேண்டிய தேவையும் இருக்கவில்லை. இது வெறும் மாவும்மா என்று சுற்றி நின்ற எல்லாரும் மெதுவாக, ஒரே குரலில், பாட்டு மாதிரி சொன்னார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஆஸ்ட்ரிட் நெஸ்டா நின்ற அதே இடத்தில் நின்றாள். அங்கே ஒரு தட்டைக்கல்லும் பதித்துவிட்டார்கள், நிற்பதற்கு. சன்னமான பிள்ளை, நகம் கடிக்கிறவள். நான் கோட்டோரம் போய், மற்றவர்களுக்குக் கேட்காதபடி கேட்டேன்.

"உள்ள வரணுமா உனக்கு, போகணுமா?"

அவள் பயந்துபோய் மோர்வென்னாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இதுக்கு என்ன சொல்லணும்னு எனக்குச் சொல்லித் தரலையே, மெய்ரிக்" என்றாள். "இப்ப நான் என்ன சொல்லணும்?"

போவதற்கென்று இருந்த ஒரே வழியையும் இவர்கள் எடுத்து உள்ளே வைத்துக் கோடு போட்டுவிட்டார்கள். இனிமேல் நிஜமாகவே போக வேண்டும் என்கிற பிள்ளை எந்தப் பக்கமாகப் போகும்? கோலைப் புல்மேல் போட்டேன். கதவு எதுவும் வரையாமல், மாவை மிதித்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். பின்னால் யாரோ ஐயோ என்றார்கள். மோர்வென்னா அவர்களைக் கையமர்த்தியிருக்க வேண்டும். "போகட்டும், போகட்டும். அதுவும் நல்லாத்தான் இருக்கு" என்று அவள் சொன்னது தெளிவாகக் கேட்டது.

நான் திரும்பவில்லை. பாதையில் ஏறினேன். பாதி தூரம் போனபோது மறுபடி மத்தளம் அடிக்க ஆரம்பித்தார்கள். ஆஸ்ட்ரிட் உள்ளே போய்விட்டாள் என்று அர்த்தம். அவள் இஷ்டத்தோடுதான் போனாள் என்று சாயங்காலம் எல்லாரும் கேரவன் வாசலில் வந்து சொல்வார்கள். சொல்லட்டும். நான் எலெரி இருக்கும் மேல்வயல் பக்கம் நடந்தேன்.